பழமரத்தில் ‘நீண்ட மூக்கு’ பூச்சி: லாந்தர் பூச்சி என்றால் என்ன? பார்த்தவுடன் மருந்து அடிக்க வேண்டுமா?

ஈப்போ: காலையில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மாமரத்துப் பக்கம் போகிறீர்கள். அடிமரத்தில் ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்ணத்துப்பூச்சி மாதிரி நிறம், வெட்டுக்கிளி மாதிரி கால், முகத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி மேல்நோக்கி வளைந்த ஒரு நீட்சி. கைப்பேசியில் படம் எடுத்துக் குடும்பப் புலனக் குழுவில் போட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் பத்துப் பதில்கள் வரும்.

“அது கொட்டுமா?” “கடிச்சா விஷமாமே!” “ராத்திரியில வெளிச்சம் விடுமாம்.” “அமெரிக்காவுல பார்த்த இடத்துலயே மிதிச்சுக் கொல்லச் சொன்னாங்களே, அந்தப் பூச்சிதான் இது. உடனே மருந்து அடிங்க.”

இந்த நான்கில் ஒன்றுகூட சரியில்லை. படத்தில் இருப்பது லாந்தர் பூச்சி. அது கொட்டாது, மனிதரைக் கடிக்காது, வெளிச்சமும் விடாது. அமெரிக்காவில் மிதிக்கச் சொன்ன பூச்சி இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்; ஆனால் இது அதுவல்ல.

அதே சமயம், இதன் தூரத்து உறவுக்காரப் பூச்சி ஒன்று இதே பேராக் மாநிலத்தின் நெல் வயல்களில் இருக்கிறது. அரிசி மணி அளவுகூட இல்லாத அந்தப் பூச்சி, ஒரு வயலையே காய வைத்துவிடும். எது எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால், விட வேண்டியதைக் கொன்றுவிட்டு, கவனிக்க வேண்டியதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

எப்படிப் பிரித்து அறிவது? பார்ப்போம்.

தத்துப்பூச்சி என்பது எந்த வகை?

லாந்தர் பூச்சி, பெயரில் ‘பூச்சி’ என்று இருந்தாலும் வண்டும் அல்ல, அந்துப்பூச்சியும் அல்ல, ஈயும் அல்ல. இது தத்துப்பூச்சி வகை. சில்வண்டு, மூட்டைப்பூச்சி, அசுவினி, மாவுப்பூச்சி எல்லாம் அடங்கிய ‘ஹெமிப்டெரா’ என்ற வரிசையில்தான் தத்துப்பூச்சிகளும் வருகின்றன.

இந்த வரிசைக்கே உரிய அடையாளம் வாய். மெல்லுவதற்கான தாடை கிடையாது. அதற்குப் பதில் ஸ்ட்ரா போன்ற மெல்லிய குழல் இருக்கும். இந்த வரிசையில் பெரும்பாலானவை செடியைக் குத்திச் சாற்றை உறிஞ்சுபவை.

தத்துப்பூச்சிகளை மட்டும் தனியாக அடையாளம் காண ஓர் எளிய வழி இருக்கிறது. உணர்கொம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில்வண்டுக்கும் இலைத்தத்துப்பூச்சிக்கும் உணர்கொம்பு இரண்டு கண்களுக்கு நடுவே, முன்பக்கமாக இருக்கும். தத்துப்பூச்சிக்கோ அது கண்ணுக்குக் கீழே, கன்னத்துப் பக்கம் இருக்கும். அடியில் குமிழ் போலப் பருத்து, நுனியில் ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

‘தத்து’ என்ற சொல்லுக்கு ஏற்றபடி இவை அனைத்தும் தாவுவதில் கெட்டி. எவ்வளவு கெட்டி என்றால், ஐரோப்பாவில் வாழும் ஒரு தத்துப்பூச்சியின் குஞ்சுக்குப் பின்னங்கால்களின் அடியில் பல்சக்கரமே இருக்கிறது. இரண்டு கால்களும் ஒரே கணத்தில் உதைப்பதற்காக, அந்தப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார்கள். மனிதன் கண்டுபிடித்ததாக நினைத்த கியர், ஒரு பூச்சியின் காலில் ஏற்கெனவே இருந்திருக்கிறது!

உலகில் இதுவரை பெயர் சூட்டப்பட்ட தத்துப்பூச்சி இனங்கள் 13,000-க்கும் மேல். அவை சுமார் 20 குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றுதான் லாந்தர் பூச்சிகளின் குடும்பமான ‘ஃபல்கோரிடே’.

லாந்தர் பூச்சிக் குடும்பத்தின் அடையாளங்கள் என்ன?

ஃபல்கோரிடே குடும்பத்தில் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வெப்பமண்டல நாடுகளில் வாழ்பவை. தென்கிழக்காசியா, தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா என்று பரவியிருக்கின்றன.

முதலில் கண்ணில் படுவது அளவு. மற்ற தத்துப்பூச்சிகள் பல, விரல் நகத்தைவிடச் சிறியவை. லாந்தர் பூச்சிகளோ பெரிய உருவம் கொண்டவை. நம் வட்டாரத்தில் காணப்படும் ‘பைரோப்ஸ்’ வகை, மூக்கையும் சேர்த்து 4 சென்டிமீட்டரைத் தாண்டும்.

அடுத்தது அந்த மூக்கு. உண்மையில் அது மூக்கே அல்ல. தலையின் முன்பகுதி நீண்டு வளர்ந்தது. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். சாறு உறிஞ்சும் குழல் அதில் இல்லை. உறிஞ்சுகுழல் தலைக்கு அடியில், நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருக்கும். ஆக, “அந்தக் கொம்பால் குத்தும்” என்பதற்கு அடிப்படையே இல்லை.

ஆனால், மூக்கை மட்டும் வைத்து இந்தக் குடும்பத்தை முடிவு செய்ய முடியாது. நீண்ட மூக்கு இல்லாத லாந்தர் பூச்சிகளும் நிறைய இருக்கின்றன. தீபகற்ப மலேசியாவில் காணப்படும் ‘பெந்திகோடெஸ் ஃபாரினோசஸ்’ அப்படிப்பட்டது. தலையில் ஒரு சின்ன மேடு மட்டும் இருக்கும். அதன் பெயரின் பிற்பகுதிக்கு லத்தீனில் ‘மாவு பூசியது’ என்று பொருள். இன்னொரு பக்கம், வேறு குடும்பத்துத் தத்துப்பூச்சிகள் சிலவற்றுக்கும் மூக்கு நீண்டிருக்கும்.

அப்படியானால் நிபுணர்கள் எதைப் பார்க்கிறார்கள்? பின் இறக்கையை. லாந்தர் பூச்சியின் பின் இறக்கையில், உடலை ஒட்டிய பகுதியில் நரம்புகள் மீன்வலை போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். மற்ற குடும்பங்களில் அந்தப் பகுதி இப்படி வலைப்பின்னலாக இருக்காது. உட்கார்ந்திருக்கும்போது பின் இறக்கை மூடியிருப்பதால், நம் கண்ணுக்கு இது எளிதில் தெரிவதில்லை.

அந்தப் பின் இறக்கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மரப்பட்டையோடு நிறம் கலந்து சும்மா இருக்கும் பூச்சி, ஆபத்து வந்தால் திடீரென்று இறக்கையை விரிக்கும். மஞ்சளோ சிவப்போ நீலமோ பளிச்சென்று அடிக்கும். கொத்த வந்த பறவை ஒரு நொடி திகைக்கும். அந்த ஒரு நொடியில் பூச்சி தாவிப் பறந்துவிடும்.

வெளிச்சம் விடாத பூச்சிக்கு ஏன் ‘லாந்தர்’ என்று பெயர்?

இதற்குக் காரணம் 300 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புத்தகம். மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர், பூச்சிகளை வரைவதற்காகவே 1699-இல் ஐரோப்பாவிலிருந்து தென்னமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். 1705-இல் அவர் வெளியிட்ட நூலில், இந்தப் பூச்சிகளை அடைத்து வைத்த பெட்டியை இரவில் திறந்தபோது நெருப்பு போல வெளிச்சம் வந்தது என்று எழுதினார்.

பூச்சிகளின் வளர்ச்சிப் படிகளைக் கூர்ந்து கவனித்து வரைந்தவர் என்பதால், அவர் சொன்னதை மற்றவர்களும் நம்பினார்கள். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸும் 1758-இல் அந்தத் தென்னமெரிக்கப் பூச்சிக்கு ‘லாந்தர்’ என்று பொருள்படும் பெயரையும், ஆசியப் பூச்சிக்கு ‘மெழுகுவர்த்தி’யைக் குறிக்கும் ‘கேண்டலேரியா’ என்ற பெயரையும் வைத்துவிட்டார். நம் வட்டாரத்து ‘பைரோப்ஸ்’ என்ற பெயருக்கும் கிரேக்கத்தில் ‘நெருப்பு முகம்’ என்று பொருள்.

பிறகு வந்தவர்கள் எவ்வளவு தேடியும் வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் பொய்யானது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

பேராக்கில் நிஜமாகவே வெளிச்சம் விடும் பூச்சியைப் பார்க்க வேண்டுமானால், தைப்பிங் அருகே கம்போங் டியூவில் ஆற்றோர மரங்களில் மின்னும் மின்மினிகளைப் போய்ப் பார்க்கலாம். அவை வண்டு இனம். லாந்தர் பூச்சிக்கும் அவற்றுக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் விடியற்காலை பால்மரக் காட்டில் தெரிந்த வெளிச்சம், மரம் சீவப் போனவர்களின் நெற்றி விளக்குதான்!

பேராக்கில் இவை எங்கே இருக்கும்?

லாந்தர் பூச்சிக்கு வேண்டியது வளர்ந்த மரம். நீண்ட உறிஞ்சுகுழலைப் பட்டைக்குள் செலுத்திச் சாறு குடிப்பதால், பெரும்பாலும் அடிமரத்திலும் தடித்த கிளையிலும்தான் உட்காரும். கேண்டலேரியா இனம் மா, லோங்கான், லைச்சி போன்ற பழமரங்களில் காணப்படும். மூக்கின் நுனி சிவந்த ‘பைரோப்ஸ் பைரோரிங்கஸ்’ போன்ற இனங்கள் காட்டு மரங்களில் இருக்கும்.

பேராக்கின் நிலமோ கடந்த 150 ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. 1877-இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதற்குப் பிறகு சுங்கை சிப்புட் தொடங்கி பீடோர் வரை காடு அழிந்து பால்மரத் தோட்டமானது. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். ஆனால், லயத்து வீடுகளுக்குப் பின்னால் நம்மவர்கள் நட்ட மாவும் பலாவும் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. பக்கத்தில் மலையடிவாரக் காடும் இருந்தால், இந்தப் பூச்சிகள் அங்கே வந்து உட்காருவதில் வியப்பில்லை.

செம்பனைக்குள் போனால் வேறு தத்துப்பூச்சிக் குடும்பம் காத்திருக்கும். மட்டையின் அடிப்பக்கத்தில் சின்ன உடலும் நீண்ட இறக்கையுமாக இருக்கும் அதன் பெயர் ‘டெர்பிடே’. இதன் குஞ்சுகள் செடிச்சாறு குடிப்பதில்லை. மட்கும் மரத்தில் வளரும் பூஞ்சையைத் தின்று வளர்கின்றன. இந்தக் குடும்பத்தின் ‘புரூட்டிஸ்டா மொயெஸ்டா’ என்ற இனம்தான் கேரளாவில் பாக்கு மரத்தின் மஞ்சள் இலை நோயைப் பரப்புவதாக அறியப்பட்டது. செம்பனையிலும் அதே இனம் காணப்படுகிறது.

வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஏதோ இருக்கிறது, தொட்டால் தாவுகிறது என்றால், அது பெரும்பாலும் ‘ஃப்ளாடிடே’ குடும்பத்துக் குஞ்சு. அந்தப் பஞ்சு, அது தன் உடலிலிருந்து சுரக்கும் மெழுகு.

லாந்தர் பூச்சியால் மரத்துக்குக் கெடுதலா?

சாறு குடிக்கிறதே, மரம் பட்டுப் போகாதா என்று கேட்பது நியாயம்தான். வளர்ந்த ஒரு மரத்தில் நாலைந்து பூச்சிகள் உட்கார்ந்து குடிக்கும் சாறு, அந்த மரத்துக்கு ஒரு பொருட்டே அல்ல.

சாற்றில் சர்க்கரை அதிகம், சத்து குறைவு. அதனால் இவை நிறையக் குடித்து, மிச்சமான சர்க்கரை நீரைத் துளித்துளியாக வெளியே தள்ளும். இதைத் தேன்கழிவு என்பார்கள். அதற்காகவே எறும்பும் கரப்பானும் பின்னால் வந்து காத்திருக்கும். தேன்கழிவு அதிகமாகக் கொட்டும் இடத்தில் இலைமேல் கருமையாகப் பூஞ்சை படியும்.

இந்தப் பூச்சிகளையே நம்பி வாழும் ஓர் அந்துப்பூச்சிக் குடும்பமும் உண்டு. அதன் புழு, தத்துப்பூச்சியின் முதுகில் ஏறி ஒட்டிக்கொண்டு, அதையே உணவாக்கி வளரும். இப்படி எறும்புக்கும் கரப்பானுக்கும் புழுவுக்கும் பறவைக்கும் இந்த ஒரு பூச்சியால் பிழைப்பு நடக்கிறது.

அமெரிக்காவில் மிதிக்கச் சொன்னது ஏன்?

அது புள்ளி லாந்தர் பூச்சி. ‘லைகோர்மா டெலிகாதுலா’ என்பது அறிவியல் பெயர். சீனாவைத் தாயகமாகக் கொண்டது. 2014-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே அதைத் தின்று கட்டுப்படுத்தப் போதுமான இயற்கை எதிரிகள் இல்லை. திராட்சைத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாகப் பெருகியது. அதனால்தான் கண்டால் நசுக்குங்கள் என்று அதிகாரிகள் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

அங்கே அது வெளியிலிருந்து வந்து குடியேறிய பூச்சி. நம் மாமரத்தில் இருக்கும் பைரோப்ஸ், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தது. குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காக, அண்ணன் செய்த தப்புக்குத் தம்பியை அடிக்க முடியுமா?

அப்படியானால் உண்மையில் ஆபத்தான தத்துப்பூச்சி எது?

ஈப்போவிலிருந்து வடக்கே, பாரிட் புந்தாரும் பாகான் செராயும் இருக்கும் கிரியான் மாவட்டத்துக்குப் போக வேண்டும். 1906-இல் புக்கிட் மேரா ஏரி நீர்ப்பாசனம் வந்த நெல் பூமி அது. நெல்லைத் தாக்கும் பழுப்புத் தத்துப்பூச்சியை மலாய் மொழியில் ‘பெனா பெராங்’ என்பார்கள். தமிழ்நாட்டு விவசாயிகள் இதை ‘புகையான்’ என்கிறார்கள். இது தாக்கிய வயல், புகை பட்டது போலக் கருகிக் காய்வதால் அந்தப் பெயர்.

இதன் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர்தான். ‘டெல்ஃபாசிடே’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பின்னங்காலின் நுனியில் அசையக்கூடிய ஒரு முள், குதிரைச் சேணக்காரரின் பூட்ஸ் முள் போல இருக்கும். இந்தக் குடும்பத்தின் தனி அடையாளமே அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது இறக்கை. பயிர் செழிப்பாக இருந்தால் குட்டை இறக்கை கொண்ட பெண் பூச்சிகள் உருவாகும். அவை பறக்காமல் அங்கேயே தங்கி நிறைய முட்டையிடும். கூட்டம் பெருகிப் பயிர் வாடத் தொடங்கினால், நீண்ட இறக்கை கொண்டவை உருவாகிக் காற்றோடு அடுத்த வயலுக்குப் போய்விடும். காற்றில் ஏறி, கடல் தாண்டி ஜப்பான் வரைகூட இவை போகின்றன. போதாததற்கு, நெல்லில் குட்டை நோய்களை உண்டாக்கும் வைரஸ்களையும் பரப்புகின்றன.

“அப்படியானால் இதற்காவது மருந்து அடிக்கலாமே?” இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். இதன் முட்டை நெல்லின் தாளுக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்திகளும், இதன் முட்டையைத் தின்னும் சிறிய நாவாய்ப்பூச்சிகளும்தான். எதிரி இல்லாத வயலில் முட்டை பொரிந்து, முன்பைவிட அதிகமாகப் பெருகும். இந்தோனேசியா இந்தப் பாடத்தை அனுபவித்துக் கற்றுக்கொண்டு, 1986-இல் நெல்லுக்குப் பயன்பட்ட 57 வகைப் பூச்சிமருந்துகளுக்கு அதிபர் ஆணை மூலம் தடை விதித்தது.

வகைப்பாடு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு லாந்தர் பூச்சியும் புகையானும் ஒரே குடும்பமாகத்தான் கருதப்பட்டன. 1906-இல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் பற்றிய நூல் வரிசையில், டபிள்யூ. எல். டிஸ்டன்ட் என்ற பூச்சியியலாளர் இவை அனைத்தையும் ஃபல்கோரிடே என்ற ஒரே கூரையின் கீழ் வைத்தார். பிறகுதான் இவை தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்தன.

புகையானின் பேரினத்துக்கு டிஸ்டன்ட் வைத்த பெயர் ‘நீலபர்வதா’, அதாவது நீல மலை. தென்னிந்தியாவில் வாழும் ஒரு லாந்தர் பூச்சிப் பேரினத்தின் பெயர் ‘காளிதாசா’. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான பூண்டுலோயாவின் பெயரும் புகையானின் குடும்பத்தில் ஒரு பேரினத்துக்கு உண்டு. நம் ஊர்ப் பெயர்கள் இப்படி லத்தீன் பட்டியலுக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன.

இன்று மரபணு வந்து பழைய கணக்கையெல்லாம் திருத்துகிறது. லாந்தர் பூச்சிகளை முதன்முதலாக மரபணு வழியே ஆராய்ந்த கட்டுரை 2009-இல் வெளியானது. தலையின் வடிவத்தை வைத்து உறவைக் கணிப்பது நம்பகமானதல்ல என்று அது காட்டியது. நீண்ட மூக்கு கொண்ட ‘சன்னா’ என்ற வகை, இந்தக் குடும்பத்துக்குள்தான் வருமா என்பதே கேள்விக்குறியானது. முகச்சாயலை மட்டும் பார்த்துச் சொந்தம் சொன்னால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுக் கல்யாணங்களிலேயே தெரிந்த விஷயம்தானே!

நீங்கள் என்ன செய்யலாம்?

பழமரத்தில் நீண்ட மூக்குப் பூச்சியைப் பார்த்தால்: மருந்து வேண்டாம். படம் எடுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற செயலியில் இடத்தோடு பதிவு செய்தால், எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பதை அறிய ஆய்வாளர்களுக்கு உதவும். பிடித்துச் சட்டம் போட்டு விற்பவர்களிடம் வாங்காதீர்கள்.

செடியில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால்: தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

நெல் பயிரிடுபவர் என்றால்: இலையைப் பார்த்தால் போதாது. பயிரை விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே தூரின் அடியைப் பாருங்கள். புகையான் அங்கேதான் இருக்கும். யூரியாவை அளவுக்கு மேல் போடாதீர்கள். பக்கத்து வயல்காரர்களோடு ஒரே பருவத்தில் நடுங்கள். எண்ணிக்கை கூடுவது போலத் தெரிந்தால், மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்திடம் கேளுங்கள்.

அடுத்த முறை புலனத்தில் “இது என்ன பூச்சி, கொல்லலாமா?” என்று யாராவது கேட்டால், முதலில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேளுங்கள். மரத்திலா, மட்டையிலா, நெல் தூரிலா? பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.